அக்கா கொடுத்த அமெரிக்க ஐபோன் 13 நம்மூர் சிம்மை ஏற்க மாட்டேன் என்கிறது

காவிரிக்கரை:

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா போன மாதம் திருச்சி வந்தபோது, தான் வைத்திருந்த ஐபோன் 13-ஐ என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கீறல் இல்லை, பேட்டரியும் நன்றாக நிற்கிறது. ஆனால் என் ஏர்டெல் சிம்மைப் போட்டால் "சிம் நாட் சப்போர்ட்டட்" என்கிறது. அம்மாவின் ஜியோ சிம்முக்கும் அதே பதில்தான்.

மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். 2,800 ரூபாய்க்கு ஒரு சில்லு வைத்துத் தந்தார்கள். முருங்கை இலை அளவுதான் இருக்கும், அவ்வளவு மெல்லிசு. அதைச் சிம்மின் மேல் ஒட்டி, ட்ரே உள்ளே போகாமல் அடம்பிடிக்க, கடைப்பையன் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி உள்ளே தள்ளினான். திரையில் ஒரு பட்டியல் வந்தது, அதில் எதையோ தொட்டான், டவர் வந்துவிட்டது. 11 நாள் ஓடியது. 12-ஆம் நாள் ராத்திரி போன் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. காலையில் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. கடைக்குப் போனால், "அப்டேட் பண்ணக் கூடாதுன்னு சொன்னேனே சார்" என்கிறார். சொல்லவே இல்லை.

இப்போது வேறொருவர் சாஃப்ட்வேரிலேயே திறந்து தருகிறேன், 6,000 ஆகும் என்கிறார். கொடுக்கலாமா? இதெல்லாம் சட்டப்படி சரிதானா?

வம்பன்:

2,800 ரூபாய்க்கு 11 நாள். நாளுக்கு 254 ரூபாய் வாடகை. லாட்ஜில் ரூம் எடுத்திருக்கலாம்.

பழைய மெக்கானிக்:

தம்பி, அந்த 6,000-ஐ முதலில் உள்ளே வையுங்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் போங்கள். கீழே "கேரியர் லாக்" என்று ஒரு வரி இருக்கும். "சிம் லாக்ட்" என்று இருந்தால் கம்பெனிப் பூட்டு, அதாவது அக்காவுக்கு இணைப்புக் கொடுத்த அமெரிக்க செல்போன் கம்பெனி, வேறு சிம் ஓடாதபடி போட்டது. ஆப்பிள் ஐடி கேட்டு நிற்பது வேறு பூட்டு, அதற்கு அக்காவின் பாஸ்வேர்டுதான் சாவி. திருட்டுப் போன் என்று கறுப்புப் பட்டியலில் ஏறியிருப்பது இன்னொரு கதை. கடைக்காரர்கள் மூன்றையும் 'லாக்' என்ற ஒரே சொல்லில் அடக்கிக் காசு பார்ப்பார்கள்.

நான் 2002 வாக்கில் சென்னை ரிச்சி தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன். லண்டனிலிருந்து வரும் நோக்கியா 3310 எல்லாம் அங்கத்திய கம்பெனிக்குப் பூட்டியே வரும். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண், வரும். அதைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் பூட்டைத் திறக்கும் ரகசியக் 'கோடு' கணக்காகிக் கையில் வந்துவிடும். அடிப்பதுதான் கலை, எண்களோடு எழுத்தும் குறியும் வரும். ஸ்டார் பட்டனை மூன்று தடவை தட்டினால் 'பி', நான்கு தட்டினால் 'டபிள்யூ', இரண்டு தட்டினால் கூட்டல் குறி. தப்பாக அடிக்க ஐந்து வாய்ப்பு, அப்புறம் கோடு எடுபடாது, கேபிள் போட்டுத்தான் மாரடிக்க வேண்டும். ஐந்தாவதில் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்று மூச்சுவிடுவார் வேறு.

ஐபோனில் அந்த வித்தை நடக்காது, ஏனென்றால் கோடே கிடையாது. இந்தப் போன் இந்தக் கம்பெனிக்கு என்ற பதிவு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. புது சிம் போட்டதும் போன் அங்கே கேட்டுக்கொள்ளும். உங்கள் சில்லு சிம்முக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்து, "நான் அமெரிக்க சிம்தான்" என்று புளுகும். அந்தப் புளுகு வெளியானால் அதோடு சரி. கம்பெனி சொன்னால்தான் ஆப்பிள் பதிவை மாற்றும். கம்பெனியிடம் கேட்கக் காசு தேவையில்லை. அமெரிக்காவில் இருப்பவர் யாராவது விவரம் சொல்லட்டும்.

எடிசன்வாசி:

சொல்கிறேன். நானும் நியூ ஜெர்சிதான், அக்கா பக்கத்து ஊராகக்கூட இருப்பார்.

இங்கே 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய போனைக் கம்பெனி அனுமதியில்லாமல் திறப்பது சட்டவிரோதம் என்று ஆக்கி வைத்திருந்தார்கள். பெரிய கூச்சல் ஆகி, 2014 ஆகஸ்ட் 1-ல் ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டத்தால் அது மாறியது. ஆக, திறப்பதில் தப்பில்லை.

ஆனால் நிபந்தனை உண்டு. இங்கத்திய செல்போன் கம்பெனிகளில் ஏடி அண்ட் டி என்றால் போன் அவர்களிடம் குறைந்தது 60 நாள் ஓடியிருக்க வேண்டும், டி-மொபைல் மாதாந்திரக் கணக்கு என்றால் 40 நாள். இரண்டிலும் போனின் விலை முழுதாகக் கட்டி முடிந்திருக்க வேண்டும். பாதிப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். 36 மாதத் தவணையில் வாங்கியதை மறந்து, "பழைய போன்தானே" என்று ஊருக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிடுவோம். நானே என் மச்சினனுக்கு அப்படிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். அக்காவிடம் பில்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: சலுகையில் வாங்கிய போனுக்கு மாதாமாதம் பில்லில் கழிவு வரும். பாக்கியை மொத்தமாகக் கட்டினால் அந்தக் கழிவு நின்றுவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

13 என்பது உங்கள் அதிர்ஷ்டம். 14-லிருந்து அமெரிக்க ஐபோனில் சிம் போடும் துவாரமே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும் இசிம் மட்டும்தான்.

ஸ்கார்பரோ:

எங்கள் கனடாவில் இந்தக் கரைச்சல் இல்லை அண்ணை. 2017 டிசம்பர் 1-இலிருந்து பூட்டில்லாமல்தான் விற்க வேண்டும், பழையதையும் காசில்லாமல் திறந்து கொடுக்க வேண்டும் என்று சட்டம். அதற்கு முதல் நானும் 50 டொலர் கட்டித் திறந்தவன்தான்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கேட்டு மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எடிசன்வாசி சொன்னது அப்படியே. நான்கு தவணை பாக்கி, தவணைக்கு 22 டாலர் சொச்சம். மாமா கட்டி முடித்துவிட்டார் என்று அக்கா நினைத்திருக்கிறாள், அக்கா சொன்னதால் கொடுத்தோம் என்று மாமா. போனில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதை நான் இங்கே எழுதப் போவதில்லை. சலுகை எதுவும் இல்லாததால் மொத்தமாகக் கட்டிவிட்டார்கள். அப்புறம் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து விண்ணப்பம். 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் ஒரு சுட்டியை அழுத்த வேண்டுமாம். அக்கா வேலைக்குப் போன மும்முரத்தில் விட்டுவிட்டாள், மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை மூன்றே நாளில் சரி என்று பதில் வந்தது. வைஃபையில் போட்டுத் திறந்து பார்த்தால் அந்த வரியில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்". இந்தத் தடவை ஒரு ரூபாய் கடைக்குப் போகவில்லை.

மெக்கானிக் அண்ணே, ஒரு கூத்து. என் சிம்மிலிருந்து அந்தச் சில்லை ஊசியால் கிளப்பினேன். பசையோடு சிம்மின் மஞ்சள் தகடும் பெயர்ந்து வந்துவிட்டது. மாற்றுச் சிம் வாங்க வேண்டியதாயிற்று. புது சிம்முக்கு ஒரு நாள் எஸ்எம்எஸ் வராது என்று கடையில் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து சிலிண்டர் வந்து, டெலிவரி பையன் வாசலில் நின்றுகொண்டு ஓடிபி, ஓடிபி என்கிறான்.

பழைய மெக்கானிக்:

ஊசியை ஏன் எடுத்தீர்கள்? ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டியிருந்தால் தானாக உரிந்திருக்கும்.