மறுமொழி: ‘ஃபைனலைஸ்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> திருப்பூர் நண்பர் எழுதியது:
> ‘இறுதியாக்கம்’ என்றே வைத்துவிடலாமே. ஆபீசில் எல்லாருக்கும் பழகின சொல்தானுங்களே?

வணக்கமுங்க.

சிடி, டிவிடி வட்டு எழுதும்போது வரும் ‘ஃபைனலைஸ்’ என்ற கட்டளைக்குத்தானே சொல் தேடுகிறோம். பழகின சொல் என்பதால்தான் எனக்கு உறுத்துகிறது. வாக்காளர் பட்டியலை இறுதியாக்குகிறோம், டெண்டரை இறுதியாக்குகிறோம். அங்கெல்லாம் ‘இனி மாற்றமில்லை’ என்ற முடிவோடு சரி. வட்டில் அப்படியில்லை, இன்னும் எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது.

கோபியில் கல்யாண வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். இணைச்சீரும் தாரை வார்ப்பதும் உள்ள வட்டை வீட்டுக் கணினியில் நகலெடுத்து அங்காளி பங்காளிக்கெல்லாம் கொடுத்துவிட்டு, “கம்ப்யூட்டர்ல ஓடுதுங்க, பிளேயர்ல போட்டா நோ டிஸ்க்குங்குதுங்க” என்று வந்து நிற்பார்கள். வட்டு மட்டம் என்று கடைக்காரர் மேல் பழி வேறு.

நடப்பது இதுதான். சிடி-ஆரில் (ஒருமுறை மட்டும் எழுதத்தக்க வட்டு) எழுத எழுத, எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பை எழுதும் கருவி உள்விளிம்போரம் தற்காலிகமாக ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும். அதைப் படிக்க அந்த மாதிரிக் கருவிக்குத்தான் தெரியும். சாதாரணப் பிளேயர் தேடுவது, தொடக்கத்து வளையத்தில் இருக்க வேண்டிய உள்ளடக்கப் பட்டியலை. அதுவும் கடைசி வளையமும் எழுதப்படாதவரை பிளேயருக்கு அது வெற்று வட்டுதான். அவற்றை எழுதி முடிப்பதுதான் ‘ஃபைனலைஸ்’. டிவிடி-ஆரிலும் கிட்டத்தட்ட இதே கதை.

ஆகவே என் முன்மொழிவு: நிறைவுப்பதிவு. ‘இந்த வட்டு நிறைவுப்பதிவு செய்யப்படவில்லை’ என்று திரையில் வந்தால், ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்பது படிப்பவருக்குத் தானே புரியும்.

பவானி அக்கா சொன்ன ‘மடையடைப்பு’ எனக்கு மிகவும் பிடித்தது, மறுக்கவே மனசு வரவில்லை. ஆனால் அடைத்த மடையை அடுத்த முறைத் தண்ணீருக்குத் திறந்துவிடுவோமே. மறுபடி எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டுக்கு அது பொருந்தலாம். ஆர் வட்டில் ஒருமுறை செய்தால் செய்ததுதான். ‘பூட்டல்’ வேண்டாம், நகலெடுக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

‘ஓடத்தக்கதாக்கல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது பொய் வாக்குறுதி. நிறைவுப்பதிவு செய்தும் ஓடாத வட்டுகள் உண்டு. ஏவிஐ வீடியோக் கோப்பை அப்படியே தரவாக எழுதினால், டிவிடி-வீடியோ வடிவம் மட்டுமே தெரிந்த பழைய பிளேயர் திருதிருவென்று முழிக்கும். ஆலையில் அச்சிட்ட சிடி தன்மேல் விழும் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்றால், சிடி-ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். பழைய லென்சுகளுக்கு அது போதாது. சொல் எதைச் செய்கிறதோ அதை மட்டும் சொல்லட்டும்.

> பொள்ளாச்சி ஐயா கேட்டது:
> அப்போ ‘குளோஸ் செஷன்’ என்பதற்கும் இதே சொல்லுங்களா?

இல்லைங்க ஐயா. அமர்வை, அதாவது ஒரு தடவையில் எழுதிய பகுதியை, மூடும்போதும் வளையங்கள் எழுதப்படும், ஆனால் அடுத்த அமர்வுக்கு வழி இருக்கும். நிறைவுப்பதிவில் அந்த வழியும் போய்விடும். அதனால் அங்கே ‘அமர்வு மூடல்’ போதும். மெனுவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், இங்கேயும் ‘மூடல்’ என்று வைத்தால் குழப்பம்தான்.

தொடக்கத்து வளையத்துக்கு ‘முன்வளையம்’, கடைசி வளையத்துக்கு ‘பின்வளையம்’ என்று வைக்கலாம், இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் நிறைவுப்பதிவோடு மூன்றையும் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.