அப்பாவின் என்சைம் கேப்சூல்: புதுப்பிப்பு

கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் அப்பாவுக்கு, செரிமான என்சைம் கொடுத்தும் மலம் வெளிறி, எண்ணெய் மிதக்கும்படி வெளியேறுகிறது, எடையும் இறங்குகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது தேறியிருக்கிறார்.

தவறு மருந்தில் இல்லை. கொடுத்த நேரத்தில் இருந்தது. மற்ற மாத்திரைகளைப் போலவே, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கொடுத்துவந்தோம். கணையம் சுரக்க வேண்டிய லைபேஸ், புரோட்டியேஸ், அமைலேஸ் ஆகிய செரிமான என்சைம்களுக்கு ஈடாக வரும் மருந்து என்பதால், அது உணவோடு கலந்தே குடலுக்குள் இறங்க வேண்டும் என்று உணவியல் நிபுணர் விளக்கினார். வேளைக்கு ஒன்றாக இருந்த 25,000 யூனிட் கேப்சூலை மருத்துவர் இரண்டாக்கினார். இட்லியின் முதல் விள்ளலோடு ஒன்று, பாதியில் மற்றொன்று. சூடு என்சைமைக் கெடுக்கும் என்பதால் காபியோடு விழுங்கக் கூடாது, தண்ணீர்தான்.

விழுங்க முடியாத ஒரு நாளில் கேப்சூலைப் பிரித்தபோது, கடுகு போன்ற பழுப்பு மணிகள் கொட்டின. கடிபட்டால் வாய் புண்ணாகும் என்பதால், ஆப்பிள் மசியலில் கலந்து மெல்லாமல் விழுங்கச் செய்தோம். சென்னை வெயிலுக்கு அஞ்சி, அடுப்பருகே இருந்த டப்பாவை ஏசி அறைக்கு மாற்றிவிட்டேன்.

இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதை, வாழ்நாள் முழுதும் சைவமாக இருந்த அப்பாவிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "கொடும்மா" என்று கையை நீட்டினார்.

மூன்று வாரத்தில் 700 கிராம் கூடியிருக்கிறது.