ரிட்டயர் ஆன பிறகு எதற்காகக் காலையில் எழுந்திருக்கிறீர்கள்?

முன்னாள் ரயில்வே கார்டு, விழுப்புரம்
போன நவம்பரில் பென்ஷனுக்காக வருஷா வருஷம் கொடுக்கிற ஆயுள் சான்று கொடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். வழக்கமான கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு எந்த விரலை வைத்தாலும் ரேகை பதியவில்லை. ஓரமாக பெஞ்சில் இருந்த ஒருவர், அவருக்கும் எழுபது இருக்கும், "இங்க வாங்கண்ணே" என்று கூப்பிட்டு, தன் செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "கண்ணைச் சிமிட்டுங்க… இன்னொரு தரம்…" அவ்வளவுதான், ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் ஆயுள் சான்று முடிந்தது. வங்கி ஆள் என்று நினைத்தேன். ரிட்டயர்டு தபால்காரராம். மாதம் முழுக்க டிபன் பாக்ஸோடு வந்துவிடுவாராம், காசு வாங்குவதில்லை. "நல்ல காரியம் சார்" என்றேன். "முப்பதாம் தேதி வரைக்கும்தான் சார். டிசம்பர் ஒண்ணாம் தேதி வருஷா வருஷம் மறுபடி ரிட்டயர் ஆகிடறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெச்.எம். டீச்சர்
பெண்களுக்கு அடுப்படியிலிருந்து ரிட்டயர்மென்ட் கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுத்தறிவுத் திட்டத்தில் சாயந்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா, பெயரெழுதக் கற்றுக்கொண்டதும் வங்கிக்குப் போய்ப் பணமெடுக்கிற சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "இது கைநாட்டுக் கணக்கு, ரேகைதான் வைக்கணும். கையெழுத்துன்னா போட்டோவோட வந்து மாத்துங்க" என்று சொல்லிவிட்டார்கள். தான் எழுதின பெயருக்குப் பக்கத்திலேயே கட்டைவிரலை வைத்துவிட்டு வந்தாராம். விதி சரிதான். ஆனாலும் அந்த மை படிந்த விரலை என்னிடம் காட்டினாரே, அது மனதை விட்டுப் போகவில்லை.

மெய்ப்புத் தாத்தா
கார்டு சார், அந்தத் தபால்காரரைப் பார்த்து வருத்தப்பட என்ன இருக்கிறது? நவம்பர் என்பது மத்திய அரசு, வங்கி ஆட்களுக்கு. தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில்தான் ஆயுள் சான்றுக்கான நேர்காணல். கருவூலத்துப் பக்கம் போய் உட்கார்ந்தால் பன்னிரண்டு மாதமும் ஆள் வரும். எண்பது தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அக்டோபர் 1 முதலே வாங்குகிறார்கள், அதையும் அவருக்குச் சொல்லுங்கள். நான் விக்கிமூலம் என்கிற இலவச இணைய நூலகத்தில், ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கணினி "ன"வை "ள" என்று படித்து வைத்திருக்கும், திருத்தினால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நான் மஞ்சளாக்கிய பக்கத்தை முகம் தெரியாத யாரோ விடியற்காலையில் பச்சையாக்கியிருந்தார், அன்றைக்குக் காபி கூட மறந்துபோனது. நீங்களும் வாருங்கள். கண்புரை இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நடங்கள், வைட்டமின் பி12 பாருங்கள், எஃப்.டி.யை ஒரே வங்கியில் போடாதீர்கள், 5 லட்சம் வரைதான் காப்பீடு. வீட்டில் வெங்காயமும் நறுக்கலாம், டீச்சர் கோபம் குறையும்.

முன்னாள் கார்டு, விழுப்புரம்
தாத்தா, என் பி12 நன்றாகத்தான் இருக்கிறது. கருவூல விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்கிறேன். டீச்சர், அந்த அம்மா போட்டோ கொண்டு போனாரா?

ஹெச்.எம். டீச்சர்
இன்னும் இல்லை. களையெடுப்பு நடக்கிறது. வெள்ளிக்கிழமை நானும் கூடப் போகிறேன். வெங்காயம் வீட்டுக்காரர் நறுக்கட்டும்.