'எதிர்மறை வலுவூட்டல்': இதைவிட நல்ல சொல் கிடைக்குமா?

வணக்கம். பெற்றோருக்கான உளவியல் அறிமுக வகுப்புக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் 'நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. 'எதிர்மறை வலுவூட்டல்' என்றால் கேட்பவர் காதில் தண்டனை என்றே விழுகிறது.

உண்மையில் இரண்டும் நேர் எதிர். காரில் பெல்ட் மாட்டாவிட்டால் டிங் டிங் என்று அடிக்கும், மாட்டியதும் ஓசை நிற்கும். தொல்லை விலகுவதால் மாட்டும் பழக்கம் கூடுகிறது. இது வலுவூட்டல். சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தில் தட்டை மேசையிலேயே விட்டுப் போனால், 2021 செப்டம்பர் 1 முதல், முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, மறுதடவை 300 வெள்ளி அபராதம். அந்தப் பழக்கம் குறைந்தால் அது தண்டனை. 'எதிர்மறை' என்பது கெட்டது அல்ல, வெறும் கழித்தல் குறிதான்: ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது, அவ்வளவே.

சிக்கலே அடுத்த உதாரணத்தில்தான். தேக்கா சந்தையில் பிள்ளை மிட்டாய்க்கு அழுகிறது, அம்மா வாங்கித் தருகிறார். பிள்ளைக்கு மிட்டாய் கிடைத்தது: நேர்மறை வலுவூட்டல். அம்மாவுக்கு அழுகைச் சத்தம் நின்றது: எதிர்மறை வலுவூட்டல். அடுத்த வாரம் இருவருமே அதையே செய்வார்கள்! இதை விளக்கும்போது சொல் குழப்பினால் வகுப்பே குழம்பும்.

'கழித்தல் வலுவூட்டல்' என்று போட்டுப் பார்த்தேன். வலுவையே கழிப்பதுபோல ஒலிக்கிறது. 'நீக்க வலுவூட்டல்' பரவாயில்லை, ஆனால் நாக்கில் ஒட்டவில்லை. தமிழாசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது வேறு சொல் புழங்குகிறீர்களா?

கூடவே, பிடித்ததை எடுத்துவிடும் தண்டனைக்கு நம்மூர் உதாரணம் ஒன்றும் வேண்டும். கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது மட்டும் வேண்டாம், சலித்துவிட்டது.