சந்தேகம்: தினமும் என்2-வில் ஓட்ட பழைய ஆர்6-ஆ, ஆர்7-ஆ, நிஞ்சா 650-ஆ?

சாட்ஸ்வொர்த் 300 (கேள்வி)

வணக்கம். இப்போ ஓட்டுறது 300 சிசி. கோட் ஏ (பெரிய பைக்) லைசென்ஸ் கையில் இருக்கு. அடுத்ததா 600–700 சிசி-யில், முழு ஃபேரிங் (வண்டியை மூடுற வெளி உறை) வச்ச வண்டி ஒண்ணு எடுக்கணும். தினம் இங்கே டர்பன்ல ஹிக்கின்சன் ஹைவே ஏறி என்2 நெடுஞ்சாலை வழியா உம்லாங்கா வேலைக்கு. ஞாயித்துக்கிழமை போத்தாஸ் ஹில் பக்கம் ஓல்ட் மெயின் ரோடு. எப்பவாவது வீட்டம்மா பின்னாடி உட்காருவாங்க. உயரம் 168 செ.மீ., கால் உள் அளவு 76 செ.மீ.

பார்த்து வச்சிருக்கிறது மூணு: 2017 யமஹா ஆர்6 (தனியார் விற்பனை), 2022 யமஹா ஆர்7 (டீலர்கிட்ட), 2020 கவாசாகி நிஞ்சா 650 (தனியார்). மூணும் பட்ஜெட்டுக்குள்ளதான். ஆர்6-ல 118 குதிரை, மத்த ரெண்டும் எழுபதைச் சுத்திதான். அதே காசுக்கு ஆர்6 லாபம்தானே? பழைய வண்டில என்னென்ன பார்க்கணும்?

செயின் பாரஃபின்

குதிரை சக்தியை விட்டுட்டு முறுக்குவிசை (இன்ஜினோட இழுவை) நிமிஷத்துக்கு எத்தனை சுற்றில் கிடைக்குதுன்னு பாருங்க தம்பி. ஆர்6: 61.7 நியூட்டன் மீட்டர், 10,500 சுற்றில். ஆர்7: 67, அதுவும் 6,500-லேயே. நிஞ்சா 650: 64, 6,700-ல். அந்த 118 குதிரை வெளியே வர 14,500 சுற்று வேணும். என்2-வில் 100-ல் ஆறாம் கியரில் போகும்போது ஆர்7 நாலாயிரம் சொச்சத்தில் ஓடும். லாரியைத் தாண்ட ஆக்ஸிலரேட்டரைத் திருப்பினா போதும். ஆர்6-ல் அதே இடத்தில் ரெண்டு மூணு கியர் இறக்கணும்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆர்6-ன் முதல் கியர் நீளம். அதிலேயே 100-ஐத் தாண்டும். அதனால காலை நெரிசலில் ஊர்ந்து போறப்போ கிளட்சைப் பாதி பிடிச்சபடியேதான் நகர்த்த முடியும். கிளட்ச் தட்டு தேயும், இடது கை செத்துப்போகும், ரேடியேட்டர் விசிறி ஓயாது. ஜனவரி மாசத்து டர்பன் புழுக்கத்தில் ஒவ்வொரு ரோபோட்டிலும் (சிக்னலிலும்) தொடை வேகும். இருக்கை வேற 850 மி.மீ. உங்க காலுக்கு நுனி விரல்தான் எட்டும்.

ட்ராக் டே மட்டும்

ஆர்6-ஐ இவ்வளவு மட்டம் தட்ட வேண்டாம். மூன்றில் பிரேக்கும் சேஸிஸும் சிறந்தது அதுதான். 2017 மாடலில் ஏபிஎஸ்ஸோடு டிராக்ஷன் கன்ட்ரோலும் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) உண்டு. 2022 ஆர்7-ல் டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது. நிஞ்சா 650-க்கு அது 2023-ல்தான் வந்தது. மழையில் டீசல் சிந்திய ரவுண்டபவுட்டிலும், டொங்காட் பக்கம் கரும்பு லாரி போன வழியிலும் அது பெரிய விஷயம்.

ஆனால் தினசரிக்கு நானும் ஆர்6 சொல்ல மாட்டேன். ஞாயிறு மட்டும் ஓட்டுபவருக்கான வண்டி அது.

பார்க்கவே போகிறீர்கள் என்றால், ரேஸ் ட்ராக்கில் அடிபட்டதா என்று முதலில் தேடுங்கள். ஆயில் ட்ரெய்ன் போல்ட், காலிப்பர் போல்ட் தலைகளில் நூல் கம்பி கோர்க்கும் அளவு சிறு துளை இருந்தால் அது ட்ராக் வண்டி. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, சேஸிஸில் அது முட்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே நசுங்கல் இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. புது ஃபேரிங் போட்டு அதை மறைக்க முடியாது.

செயின் பாரஃபின்

அந்தத் துளை விஷயம் தங்கமான குறிப்பு. கூடவே, எந்த வண்டியா இருந்தாலும்:

"இன்ஜினைச் சூடு பண்ணி வைக்காதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்க. குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் கேம் செயின் சத்தமும் புகையும் தெரியும். பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைங்க. அணைச்சிருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், 5,000 சுற்றில் 13.8–14.5. அதுக்குக் கீழேன்னா பேட்டரியை சார்ஜ் பண்ணுற ஸ்டேட்டர் அல்லது ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம்.

முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா நடுவில் அசைங்க. நடு இடத்தில் மட்டும் 'டொக்'குன்னு மாட்டினா ஸ்டியரிங் பேரிங்கில் குழி விழுந்திருக்கு. பெரும்பாலும் வீலி (முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுறது) அடிச்ச வண்டி. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு, டிஸ்க்கில் பொறிச்சிருக்கும் குறைந்தபட்சத் தடிமன், டயரில் நாலு இலக்கத் தேதி: 2319-ன்னா 2019-ன் 23-வது வாரம். டயர்ல பட்டை நல்லா இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருந்தா மாத்தற செலவை விலையில் கழிங்க.

நம்ம ஊருக்கு உப்புக்காத்து தனிக் கதை. ரேடியேட்டர் துடுப்பு, எக்ஸாஸ்ட் மூட்டு, இருக்கைக்குக் கீழே உள்ள ஒயர் கனெக்டர் இந்த மூணு இடத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

உம்ஸிண்டோ பேப்பர்

வண்டியைவிட ஆவணம்தான் பலரைக் கவிழ்க்கிறது. பதிவுச் சான்றிதழில் கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் ஒருமுறை நொறுங்கி மறுபடி கட்டியது. இன்ஷூரன்ஸ் மறுக்கப்படலாம், திரும்ப விற்கும்போது விலை இறங்கும். டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி உரிமையாளர்) இடத்தில் வங்கிப் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை. வங்கியின் செட்டில்மென்ட் கடிதம் பார்த்து, பணத்தை நேரே வங்கிக்கே கட்டுங்கள். மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுங்கள்.

தனியாரிடம் வாங்கினால் ரோட்வொர்தி சான்று (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்பதற்கு) யார் எடுப்பது என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். அந்தச் சான்று 60 நாள்தான் செல்லும். பெயர் மாற்றத்துக்கு 21 நாள், தாண்டினால் அபராதம். சேஸிஸ் எண்ணை ஸ்டியரிங் கழுத்தில் விரலால் தடவிப் பாருங்கள். தேய்த்து எழுதியது கையில் தெரியும்.

சாட்ஸ்வொர்த் 300

எல்லாருக்கும் நன்றி. ஆர்6-ஐ விட்டுட்டேன், ட்ரெய்ன் போல்ட்டில் துளை இருந்தது. ஆர்7 ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு சிக்கல். 30–40-ல் ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திருப்பினா 'டக்'குன்னு உதறுது. டீலர் "இந்த இன்ஜின் அப்படித்தான்"ங்கிறார். ரெண்டாவது, மணிக்கட்டு வலி.

செயின் பாரஃபின்

டீலர் சொன்னதில் பாதி உண்மை. அந்த இரட்டை சிலிண்டர் கீழ்ச் சுற்றில் கொஞ்சம் முரடுதான். மீதியைச் சரிபண்ணலாம். 2022 ஆர்7-ல் ஆக்ஸிலரேட்டர் கேபிள்தான், மின்னணு இல்லை. கைப்பிடி சும்மா சுழலும் இடைவெளி விளிம்பில் 3–5 மி.மீ. இருக்கணும். அதுக்கு மேல இருந்தா நீங்க திருப்புறதும் இன்ஜின் பிடிக்கிறதும் ஒரே நேரத்தில் நடக்காது, அதுதான் உதறல். கேபிள் அட்ஜஸ்டரின் லாக் நட்டைத் தளர்த்தி 3 மி.மீ.க்குக் கொண்டு வாங்க. பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலைக் கடைசி வரை இருபக்கமும் திருப்புங்க. சுற்று ஏறினா அதிகமா இழுத்துட்டீங்க.

அடுத்தது செயின். தளர்வு எவ்வளவுன்னு ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். சக்கரத்தை உருட்டி நாலஞ்சு இடத்தில் அளங்க. ஒரு இடத்தில் இறுக்கம், இன்னொரு இடத்தில் தொங்கல்னா செயின் சமமா நீளலை, செட்டையே மாத்தணும். பாரஃபினில் (மண்ணெண்ணெய்) துடைங்க, பெட்ரோல் செயினுக்குள்ள இருக்கிற ஓ-ரிங் ரப்பரைக் கெடுக்கும். இந்த ரெண்டையும் டீலரே செய்து கொடுக்கட்டும், அதுக்கப்புறம் மறுபடி ஓட்டிப் பாருங்க.

மணிக்கட்டுக்கு வருவோம். ஆர்7-ன் கிளிப்-ஆன் (ஃபோர்க்கில் மாட்டுற ஹேண்டில்) தாழ்வு. வேகத்தில் காத்து நெஞ்சைத் தாங்கும், நெரிசலில் அந்தத் தாங்கல் இல்லை. உடம்பு முழுக்க உள்ளங்கையில் இறங்கும். முழங்காலால் டாங்கை இறுக்கிப் பிடிச்சு முழங்கையை மடக்கினா பாதி குறையும். டாங்கின் பக்கவாட்டில் ரப்பர் பட்டை ஒட்டினா பிடி நிக்கும். லீவரை நீட்டிய விரலுக்கு நேரா வரும்படி கீழே சுழற்றுங்க. அதுக்குமேல வலிச்சா, வண்டி உங்க வேலைக்குப் பொருந்தலைன்னு அர்த்தம். 835 மி.மீ. இருக்கைக்காக லோயரிங் லிங்க் (பின்பக்கத்தைத் தாழ்த்துற பாகம்) போடச் சொல்வாங்க. பின்பக்கம் மட்டும் இறங்கினா ஸ்டியரிங் மந்தமாகும், சைடு ஸ்டாண்டும் நீளமாயிடும். போடாதீங்க.

ட்ராக் டே மட்டும்

வீட்டம்மாவை மறந்துவிட்டோம். ஆர்7-ன் பின் இருக்கை பேருக்குத்தான். நிஞ்சா 650-ல் 790 மி.மீ. இருக்கை, உயர்ந்த ஹேண்டில், 15 லிட்டர் டாங்க் (ஆர்7-ல் 13). ஃபோர்க்கில் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை என்பது குறைதான், ஆனால் போத்தாஸ் ஹில் வளைவுகளுக்கு அது போதும். ஆள் ஏறும்போது பின் ஷாக் ப்ரீலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) இரண்டு படி ஏற்றுங்கள், காற்றழுத்தத்தையும் கையேட்டைப் பார்த்து ஏற்றுங்கள்.

நாலு சிலிண்டர் சத்தம்தான் ஆசை என்றால் ஹோண்டா சிபிஆர்650ஆர் தேடலாம். 810 மி.மீ. இருக்கை, 95 குதிரை. 208 கிலோ என்பதால் நிறுத்துமிடத்தில் தள்ளும்போது கனம் தெரியும்.

செயின் பாரஃபின்

என் ஓட்டும் நிஞ்சாவுக்கே. ஆயில் மாத்தும்போது ஜாஸோ எம்ஏ குறி (பைக் கிளட்சுக்கு ஏத்ததுன்னு காட்டுற தரக்குறி) உள்ள 10டபிள்யூ-40 மட்டும். கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும். உம்லாங்காவில் கடலோரமா நிறுத்தினா வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில் கழுவுங்க, ஆனா பிரஷர் பைப்பைச் சக்கர பேரிங் பக்கம் காட்டாதீங்க.

உம்ஸிண்டோ பேப்பர்

பணம் கட்டும் முன் இன்ஷூரன்ஸ் தொகையைக் கேட்டு வாங்குங்கள். ட்ராக்கர் (வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி) பொருத்தினால்தான் திருட்டுக்குப் பணம் என்று நிபந்தனை இருக்கிறதா, இரவில் எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். நிஞ்சா தனியாரிடம் என்பதால் அதன் பதிவுச் சான்றிதழின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோட் என்னவென்று தெரிந்த பிறகு பார்க்கப் போனால் போதும்.