பழைய புரொஃபெஷனல் டிஎஸ்எல்ஆர் வாங்கும்போது எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை செகண்ட் ஹேண்டில் ஒரு புரொஃபெஷனல் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கியபோது நான் பார்த்தது ஷட்டர் கவுண்ட், அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும்தான். 60 ஆயிரம் ஓடியிருந்தது. இந்த ரகக் கேமராக்களின் ஷட்டர் வடிவமைப்பை 4 லட்சம் தடவை வரை சோதித்துத்தான் வெளியிட்டார்கள் (நிக்கான் டி4, டி5, கேனான் 1டி எக்ஸ் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு), அப்படிப் பார்த்தால் இது புதுசு மாதிரிதானே என்று நினைத்து, விற்றவரின் வீட்டு வாசலிலேயே நாலு படம் எடுத்து, பின்பக்க ஸ்கிரீனில் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு கல்யாணம். 85 எம்எம் லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப்/1.8-இல் வைத்து நூற்றுக்கணக்கில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் மணப்பெண்ணின் கம்மலில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது, கண் இமை மட்டும் கரைந்துபோய் இருக்கிறது. ஏதோ ஒரு படத்தில் இல்லை, கிட்டே நின்று எடுத்த எல்லாப் படங்களிலும் இதே கதை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர்களுக்கு அந்த நாள் திரும்ப வராது.

காரணம் பிறகுதான் புரிந்தது. டிஎஸ்எல்ஆரில் படம் பதியும் சென்சார் வேறு, ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி வெளிச்சத்தில் ஒரு பங்கை உள்ளே விடும், அது பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடியில் இருக்கும் ஃபோகஸ் யூனிட்டுக்குப் போகும். லென்ஸிலிருந்து அந்த யூனிட்டுக்கும் படச் சென்சாருக்கும் உள்ள தூரம் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பாடி எங்காவது இடிபட்டு அந்தக் குட்டிக் கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று பச்சை விளக்கு எரியும், ஃபோகஸ் வேறெங்கோ விழுந்திருக்கும். 2 மீட்டர் தூரத்தில் 85 எம்எம் எஃப்/1.8-க்குத் தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் 6 சென்டிமீட்டர்தான், கொஞ்சம் பிசகினாலே ஃபோகஸ் கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடாதா? மெனுவில் ஃபோகஸைத் திருத்தும் வசதியை -20 வரை தள்ளிப் பார்த்தேன், சரியாகவில்லை. கடைசியில் சர்வீஸில் கொடுத்துத்தான் கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதனால் இப்போது எந்த பாடியைப் பார்க்கப் போனாலும் முதல் வேலை இதுதான். ட்ரைபாட்டில் வைத்து, எழுத்து அச்சடித்த ஒரு தாளை நேரே நிறுத்தி, அதை ஒட்டி ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்துவிட்டு, லென்ஸை முழுசாகத் திறந்து, வியூஃபைண்டர் வழியாக 10 படம், லைவ் வியூவில் (பின்பக்க ஸ்கிரீனைப் பார்த்தே எடுப்பது) 10 படம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கேமரா பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விடும், படச் சென்சாரே ஃபோகஸ் பார்க்கும். அதில் எழுத்து கூர்மையாக விழுந்து, வியூஃபைண்டர் வழியாக எடுத்ததில் ஸ்கேலின் பின்பக்க எண்கள் கூர்மையாக இருந்தால் விஷயம் தெளிவு. ஒரே ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், நல்ல கேமராவிலும் படத்துக்குப் படம் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

சென்சாரில் தூசி பார்க்க, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/16-இல் வானத்தை ஒரு படம் எடுத்தால் போதும். சூடான பிக்சலுக்கு (இருட்டிலும் தானாக ஒளிரும் புள்ளி) லென்ஸ் மூடியைப் போட்டு 30 விநாடி ஷட்டரைத் திறந்து ஒரு படம். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

நண்பரே, உங்கள் கல்யாணக் கதையைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கு நடந்தது ஷட்டரில். வெயிலில் 1/8000 விநாடி வேகத்தில் எடுத்தால் படத்தின் ஒரு ஓரம் இருண்டு வந்தது, 1/1000-ஐ விட மெதுவான வேகத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஷட்டரின் இரண்டு திரைகளில் ஒன்று சோர்ந்துபோய் ஓடியிருக்கிறது. அதனால் வெள்ளைச் சுவரை 1/8000-இல் இருபது முப்பது படம் எடுத்து எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள், எல்இடி விளக்கின் கீழ் எடுத்தால் விளக்கின் துடிப்பே பட்டை பட்டையாக விழுந்து உங்களைக் குழப்பிவிடும். இன்னொன்று, வீடியோ எத்தனை மணி நேரம் ஓடினாலும் ஷட்டர் கவுண்ட் ஏறாது. விற்பவரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.

* * *

நான் விளையாட்டுப் படம் எடுப்பவன், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எல்லோரும் மெகாபிக்சலையும் ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) பற்றியே பேசுகிறார்கள். 2007-இல் வந்த நிக்கான் டி3-இல் வெறும் 12 மெகாபிக்சல்தான், இன்றைக்கும் அதை வைத்து ராத்திரி மைதானத்தில் ஐஎஸ்ஓ 3200-இல் எடுக்கிறேன், மனசுக்கு நிறைவாகவே வருகிறது. நான் பார்ப்பது கேமரா கைக்கு எப்படிப் பழகுகிறது என்பதைத்தான். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் ஐஎஸ்ஓ பட்டனையும் ஃபோகஸ் புள்ளி நகர்த்தும் குச்சியையும் விரல் தானாகத் தேடிப் போகிறதா? கேனான் 1டி எக்ஸ் பாடி மட்டும் 1.3 கிலோவுக்கு மேல், அதில் 70-200 லென்ஸை மாட்டினால் மூன்று கிலோவை நெருங்கும். கடன் வாங்கியாவது ஒரு முழு ஆட்டம் தூக்கிப் பாருங்கள். பத்து நிமிடம் கையில் வைத்துப் பார்த்தால் எந்தக் கேமராவும் பிடித்துப்போகும்.

அப்புறம், நெட்டுக்குத்தாகப் பிடிக்கும்போது அழுத்துகிற இரண்டாவது ஷட்டர் பட்டனை யாருமே சோதிப்பதில்லை. நான் பார்த்த ஒரு பாடியில் அது பாதி நேரம் வேலையே செய்யவில்லை.

* * *

ஒரு சந்தேகம். ஃபோகஸ் பின்னால் விழுந்தால் தப்பு பாடியிலா லென்ஸிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாளைக்கு ஒன்றைப் பார்க்கப் போகிறேன்.

* * *

முதலில் எழுதியவன் நான்தான். இரண்டு லென்ஸாவது எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் பழைய கேமராவில் நன்றாக வேலை செய்கிறவை. இரண்டிலும் ஒரே பக்கமாக விலகினால் பாடி, ஒன்றில் மட்டும் என்றால் அந்த லென்ஸ். விற்பவருடைய லென்ஸை மட்டும் மாட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள், அதற்கு ஏற்ற மாதிரி மெனுவில் திருத்தி வைத்திருக்கலாம், அந்த எண் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொந்த மெமரி கார்டும் ஒரு லேப்டாப்பும் கையில் இருக்கட்டும், ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுத்து அங்கேயே 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து என்ன ஆச்சு என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.