இரண்டு ரேமும் தனித்தனியாகச் சரி, சேர்த்துப் போட்டால் டிஸ்க் குழம்புகிறது (486, ஏஹெச்ஏ-1542, நானே எழுதிய டிரைவர்)

ஹட்டன்_486:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க டிஸ்ப்ளே மாற்றுவதும் சார்ஜிங் பின் கழற்றுவதும்தான். இரவு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிய பிறகு பின்பக்க மேசையில் இருக்கும் பழைய 486 கம்ப்யூட்டர்தான் என் உலகம். அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பழைய சாமான் கழித்தபோது, இரும்புக்காரனுக்குப் போக இருந்ததை அவர் கேட்டு வாங்கி வந்தார். டிஎக்ஸ்2-66. உள்ளே ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் (பழைய வகைக் கார்டு செருகும் இடம்) அடாப்டெக் ஏஹெச்ஏ-1542, டிஸ்க் இணைக்கும் ஸ்கஸி கார்டு, அதில் 1 ஜிபி டிஸ்க். பூட் ஆவது தனியாக ஒரு சின்ன ஐடிஇ டிஸ்கில் இருந்து. ஓடுவது நெட்பிஎஸ்டி 1.6 என்ற யூனிக்ஸ் வகை ஓஎஸ்.

அந்தக் கார்டுக்கு நெட்பிஎஸ்டியிலேயே டிரைவர் இருக்கிறது, தெரியும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்வதற்காக நானே ஒன்று எழுதினேன். போர்ட் 330, ஐஆர்கியூ 11, டிஎம்ஏ (சிபியூ இல்லாமலே நினைவகத்தைத் தொடும் வழி) சேனல் 5, எல்லாம் கார்டு பிறந்தபோது இருந்த அமைப்பேதான். நினைவகத்தில் மெயில்பாக்ஸ் வைக்க வேண்டும், அதில் கட்டளைப் பெட்டியின் முகவரியை எழுதிவிட்டுக் கார்டைத் தட்டினால் மீதியை அதுவே வந்து எடுத்துக்கொள்ளும். முகவரி மூன்று பைட், அதுவும் மேல் பைட் முதலில். இன்டெல் பழக்கத்தில் கீழ் பைட்டை முதலில் எழுதிவிட்டு ஒரு முழு போயா (பௌர்ணமி) விடுமுறையைத் தொலைத்தேன். அது போகட்டும்.

மூன்று மாதம் டிரைவர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன வாரம்தான் வினை. கண்டியில் ஒரு பழைய 16 எம்பி சிம் (ரேம் பலகை, ஃபோன் சிம் இல்லை) கிடைத்தது. ஏற்கெனவே இருந்த 16 எம்பியோடு சேர்த்துப் போட்டேன், மொத்தம் 32. அன்றிலிருந்து:

டிஸ்க் சில தடவை மவுண்டே ஆவதில்லை. மவுண்ட் ஆனாலும், பெரிய ஃபைல் படித்தால் திடீரென்று கர்னல் பேனிக் (ஓஎஸ்ஸின் மையமே நின்றுபோவது), அல்லது சத்தமே இல்லாமல் உறைந்துவிடும். எழுதிய ஃபைலை உடனே சோதித்தால் செக்சம் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்) சரி. அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்து பார்த்தால் வேறு எண்.

புது சிம் பழுது என்று நினைத்து, அதை மட்டும் தனியாகப் போட்டேன். எல்லாம் சரி. பழையதை மட்டும் போட்டேன். அதுவும் சரி. ஸ்லாட்டை மாற்றிப் போட்டும் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தால்தான் சண்டை. இரவு முழுக்க மெமரி டெஸ்ட் ஓடியது, ஒரு பிழையும் இல்லை. மாமியார் மருமகள் கதையாக இருக்கிறது.

இன்னொரு விசித்திரம். சோதனைக்கு அப்பாவின் பழைய நோட்டுப் புத்தகத்தில் இருந்து கொழுந்து எடை ஒரு பக்கம் தட்டி (காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை), அதையே திரும்பத் திரும்ப ஒட்டி 8 எம்பி ஃபைல் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கெட்டுப்போன பிரதியை ஹெக்ஸ்டம்ப் செய்து பைட் பைட்டாகப் பார்த்தேன். அந்தி நிறுவை இருக்க வேண்டிய இடத்தில் ‘ரீஜென்ட்ஸ் ஆஃப் த யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா’ என்று எழுதியிருக்கிறது! எங்கள் தோட்டத்தில் அப்படி யாரும் கொழுந்து எடுத்ததாக அப்பாவுக்கு நினைவில்லை.

எங்கே தொடங்குவது?

—

ஊவா_சோல்டர்:

தம்பி, முதலில் கேபிளைப் பாருங்கள். ஸ்கஸி என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு டெர்மினேஷன்தான், கேபிள் முனையை அடைப்பது. வரிசையின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. பண்டாரவளையில் இருந்து தியத்தலாவை, ஹப்புத்தளை வரைக்கும் ஆபீஸ் மெஷின் பார்த்தவன் நான், ரிப்பன் கேபிளின் கடைசிக் கனெக்டர் சும்மா தொங்கியதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் தெரியுமா.

இரண்டாவது ஈரப்பதம். உங்கள் பக்கம் இப்போது மழைக்காலம். வெளியே போட்டு வைத்த இரும்பே ஒரு வாரத்தில் பூத்துவிடும், சிம் ஸ்லாட்டின் தகரம் எம்மாத்திரம். பேனாக் கறை அழிக்கும் ரப்பரால் காண்டாக்டைத் தேய்த்து, இரவில் ஒரு 40 வாட் பல்பைப் பக்கத்தில் எரியவிடுங்கள். அலுமாரியில் துணிக்கு வைப்போமே, அதே மாதிரி.

—

லிந்துலை_பையன்:

அண்ணே சவுண்ட் கார்டு இருக்கா? சவுண்ட் பிளாஸ்டர் 16ம் டிஎம்ஏ 5ல தான் உட்காரும். ரெண்டும் ஒரே சேனல்னா இப்படித்தான் ஆகும்.

—

ஹட்டன்_486:

ஐயா, டெர்மினேட்டர் இரண்டு முனையிலும் இருக்கிறது, கார்டில் ஒன்று, டிஸ்கில் ஒன்று. ரப்பரால் தேய்த்தேன், பல்பும் எரிகிறது (பூனை அங்கேயே படுத்துக்கொண்டது). மாற்றமில்லை. கேபிள் கோளாறு என்றால் பேரிட்டி எரர் வந்திருக்க வேண்டாமா? லாகில் ஒன்றுகூட இல்லை. 16 எம்பியில் அதே கேபிள் ஒழுங்காக ஓடுகிறதே என்பதுதான் என்னைக் குழப்புகிறது.

தம்பி, சவுண்ட் கார்டு இல்லை.

—

மகாவலிக்கரை:

கேபிளைக் கழற்றி மாட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். 32 எம்பியையும் வைத்துக்கொண்டு, உங்கள் டிரைவர் இல்லாத, நெட்பிஎஸ்டியோடு வரும் ஜெனரிக் கர்னலில் பூட் செய்து அதே 8 எம்பி சோதனையை ஓட்டுங்கள். அது தேறினால் கேபிள், சிம், மழை, பூனை எல்லாம் விடுதலை.

அதோடு, உங்கள் டிரைவரில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பஃபரின் (டேட்டா வைக்கும் நினைவக இடத்தின்) பௌதிக முகவரியையும், கார்டுக்குக் கொடுக்கும் மூன்று பைட்டையும் அடுத்தடுத்து அச்சிட்டுப் பாருங்கள். பதில் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் அதை நீங்களே பார்த்தால் நன்றாக இருக்கும்.

அந்தக் கலிஃபோர்னியா வரியை இதற்கு முன்னால் எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்றும் யோசியுங்கள். தினமும் பார்க்கிறீர்கள்.

—

ஹட்டன்_486:

மிஸ், நேற்று இரவு செய்தேன். ஜெனரிக் கர்னலில் பத்து தடவை ஓட்டினேன், பத்தும் சரி. ஆக என் டிரைவர்தான் குற்றவாளி.

அச்சிட்டதில் ஒரு வரி (எல்லாம் ஹெக்ஸ்): பஃபர் இருக்கும் இடம் 1234000. கார்டுக்குப் போனது 234000.

பார்த்ததும் காது சுட்டது. மூன்று பைட்டில் எழுதும் ஃபங்ஷனில் மேலே இருக்கும் 1ஐ நானே வெட்டி எறிந்திருக்கிறேன். ஆனால் கார்டு மூன்று பைட்டுக்கு மேல் வாங்காதே, நான் என்ன செய்வது? கலிஃபோர்னியா வரி பூட் ஆகும்போது திரையில் முதலில் ஓடும் காப்பிரைட் வரி. அது கர்னலுக்குள்ளே இருப்பது. அது எப்படிக் கொழுந்துக் கணக்குக்குள் வந்தது?

—

மகாவலிக்கரை:

மிஸ் எல்லாம் வேண்டாம், அக்கா போதும்.

பிழை உங்கள் ஃபங்ஷனில் இல்லை. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் இருந்தது 286 சிப், அதற்கு முகவரிக் கம்பி 24. ஐஎஸ்ஏ பஸ்ஸும் (கார்டும் போர்டும் பேசும் கம்பி வழி) அதோடு நின்றுவிட்டது. 24 பிட்டில் எட்டக்கூடியது 16 எம்பி, ஹெக்ஸில் 1000000க்குக் கீழே இருப்பது மட்டும். 1542 தானே பஸ்ஸைப் பிடித்து நினைவகத்தை நேராகத் தொடும் கார்டு. சேனல் 5ஐ அது பஸ்ஸைக் கேட்டு வாங்க மட்டும்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அதன் கை 16 எம்பிக்கு மேல் நீளாது. அதனால்தான் எந்த சிம்மைத் தனியாகப் போட்டாலும் சரியாக இருந்தது.

இப்போது உங்கள் 1234000 விஷயம். கார்டு அதை 234000 என்று புரிந்துகொள்கிறது, அதாவது சரியாக 16 எம்பி கீழே. பிசியில் கர்னல் உட்கார்ந்திருப்பது 1 எம்பியில் இருந்து மேலே. நீங்கள் ஃபைல் எழுதும்போது கார்டு கொழுந்துக் கணக்குக்குப் பதிலாகக் கர்னலின் ஒரு துண்டை அள்ளி டிஸ்கில் எழுதியது. படிக்கும்போது இன்னும் மோசம், டிஸ்கில் இருந்து வந்த கொழுந்துக் கணக்கைக் கர்னலின் தலையிலேயே கொட்டியது. பேனிக் ஆகாமல் வேறென்ன ஆகும். எழுதிய உடனே செக்சம் சரியாக இருந்தது ஏனென்றால் அப்போது நீங்கள் படித்தது கேஷில் (நினைவகத்தில் இருக்கும் பிரதியில்) இருந்து, டிஸ்கில் இருந்து அல்ல. அன்மவுண்ட் செய்து பார்த்தீர்களே, அது நல்ல புத்தி.

மெயில்பாக்ஸை எங்கே வைத்தீர்கள்? கர்னலின் சொந்த நிலையான டேட்டாவில் என்றால் அது எப்போதும் கீழேதான் இருக்கும். அதனால் கட்டளை ஒழுங்காகப் போயிருக்கிறது, டேட்டா மட்டும் வழி தவறியிருக்கிறது. இன்னொன்று, நெட்பிஎஸ்டி கீழ் 16 எம்பியை இந்த மாதிரி ஐஎஸ்ஏ கார்டுகளுக்காக மிச்சம் பிடித்து வைத்து, மற்றவர்களுக்கு மேலே இருக்கும் பக்கங்களைத்தான் முதலில் கொடுக்கும். ஆகவே 32 எம்பி போட்ட நிமிடமே உங்களுக்கு அடி விழுந்தது. லினக்ஸிலும் கீழ் 16 எம்பிக்கு டிஎம்ஏ சோன் என்று தனி வேலி உண்டு, காரணம் இதேதான்.

தீர்வு பவுன்ஸ் பஃபர். உங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். லொறி மலை உச்சி வரைக்கும் ஏறாது, கொழுந்து மடுவம் (கொழுந்து எடை போடும் கொட்டில்) வரைக்கும்தான் வரும். மேல் மலையில் எடுத்த கொழுந்தைத் தலையில் சுமந்து மடுவத்துக்குக் கொண்டுவந்தால், அங்கிருந்து லொறி ஏற்றிக்கொண்டு போகும். 16 எம்பிக்குக் கீழே ஒரு மடுவம் வேண்டும். அதை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. பௌதிக முகவரியை நேராகக் கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஐஎஸ்ஏ பஸ் உங்கள் டிரைவரை இணைக்கும்போது கொடுக்கும் டிஎம்ஏ டேக்கை வைத்து நெட்பிஎஸ்டியின் பஸ் டிஎம்ஏ ஃபங்ஷன்கள் வழியாகப் போங்கள். மேப் (பஃபருக்குக் கார்டு பார்க்கும் முகவரிப் பட்டியல்) உருவாக்கும்போதே ‘இப்போதே ஒதுக்கு’ என்ற கொடியைக் கொடுங்கள், நெருக்கடியில் போய்ப் பக்கம் தேட வேண்டாம். லோட் செய்யும்போது பஃபர் மேலே இருந்தால் அது தானாகவே மடுவத்தின் முகவரியைக் கொடுக்கும்.

—

ஊவா_சோல்டர்:

தொண்ணூறு என்று சொன்னேன், மீதிப் பத்தில் தம்பி மாட்டியிருக்கிறார். பல்பை அணைக்க வேண்டாம், எப்படியும் நல்லதுதான்.

—

ஹட்டன்_486:

அக்கா, மாற்றினேன். கார்டுக்குப் போகும் முகவரி எல்லாம் இப்போது 1000000க்குக் கீழே. பேனிக் இல்லை, உறைவதும் இல்லை. ஆனால் படித்தால் குப்பை வருகிறது. ஒரு தடவை கொழுந்துக் கணக்கைத் திறந்தால் அதற்கு முன்னால் திறந்த மேனுவலின் பக்கம் வந்தது! எழுதுவது சரியா என்று பார்க்க ஜெனரிக் கர்னலில் பூட் செய்து அதே ஃபைலைச் சோதித்தேன். செக்சம் அச்சாகப் பொருந்துகிறது. ஆக டிஸ்கில் இருப்பது சரி, என் டிரைவர் படித்துக் கொடுப்பதுதான் பழசு.

—

மகாவலிக்கரை:

எழுதுவது சரி, படிப்பது பழசு என்று நீங்களே பிரித்துக் காட்டிவிட்டீர்கள். இரண்டு பக்க டேட்டாவையும் ஒத்துப்போக வைக்கும் சிங்க் ஃபங்ஷனை எத்தனை இடத்தில் கூப்பிடுகிறீர்கள்?

—

ஹட்டன்_486:

கட்டளையை அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை. முடிந்த பிறகு கூப்பிடவில்லை. பிசியில் சிங்க் வெறும் சடங்கு, ஒன்றும் செய்யாது என்று எங்கோ படித்தேன்.

—

மகாவலிக்கரை:

பிசிஐ கார்டுக்கு அப்படி. பவுன்ஸ் இருக்கும் மேப்புக்கு அப்படி இல்லை. எழுதும்போது முன்-சிங்க்தான் பஃபரில் இருந்து மடுவத்துக்குச் சுமக்கிறது, அதைக் கூப்பிட்டீர்கள், சரியாகிவிட்டது. படிக்கும்போது லொறி உரமூட்டையை மடுவத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. மேலே தூக்கிக்கொண்டு போவது பின்-சிங்கின் வேலை. நீங்கள் ஆள் அனுப்பவில்லை, மூட்டை மடுவத்திலேயே கிடக்கிறது. மேல் மலையில் முன்பு கிடந்ததைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

கட்டளை முடிந்ததைக் கையாளும் இடத்தில், முதலில் பின்-சிங்க், அப்புறம் அன்லோட் (மேப்பை விடுவிப்பது). வரிசை மாறினால் மறுபடி இங்கேதான் வருவீர்கள்.

—

லிந்துலை_பையன்:

நான் சொன்ன சேனல் 5 ஆச்சும் கதையில வந்துச்சே 😄

—

ஹட்டன்_486:

இரண்டே வரி. அவ்வளவுதான்.

நேற்று இரவு 8 எம்பி ஃபைலை நாற்பது தடவை எழுதி, ஒவ்வொரு தடவையும் அன்மவுண்ட் செய்து படித்தேன். நாற்பதும் ஒரே செக்சம். நடுவில் கரண்ட் போனது, வந்த பிறகு எஃப்எஸ்சிகே (டிஸ்க் சரிபார்ப்பு) ஓட்டிவிட்டு விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தேன். முடியும்போது மணி ஒன்றரை, மேசைக்குக் கீழே பூனை, வெளியே பஸ் ஸ்டாண்ட் விளக்கு தெரியாத அளவுக்குப் பனி.

காலையில் அப்பாவிடம் மடுவக் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மடுவத்துல இறக்குன மூட்டைக்கு யாரு கையெழுத்துப் போட்டா?" என்றார். அக்கா, அன்லோடுக்கு முன்னால் கட்டளை வென்றதா தோற்றதா என்று சொல்லும் ஸ்டேட்டஸ் பைட்டை நான் இன்னும் பார்ப்பதே இல்லை. இன்றிரவு அதையும் சேர்க்கிறேன்.